உன் அப்பாவின் படையலில் நல்லி எலும்புச் சூப்பு வேண்டாம்

மகனே,

இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்கு அனுப்பாமல் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் நீ படித்துவிட்டு, "அம்மா கோவமா இருக்காங்க" என்று உன் மனைவியிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, மடித்து எங்காவது செருகிவிடுவாய். பத்திரிகையில் வந்தால் அப்படிச் சிரிக்க முடியாது. உன் பெரிய அத்தை படிப்பார், ஈப்போவில் நமக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்கிற எல்லாரும் படிப்பார்கள், படித்துவிட்டு என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். உன் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. அதற்கு மேல் என்னால் நாகரிகம் பார்க்க முடியாது. எனக்கு வயிற்றைக் குமட்டுகிறது. உன் அப்பா போய் ஒரு வருடம் முடிந்த பிறகும் அந்தக் குமட்டல் நிற்கவில்லை. எழுதினாலாவது நிற்குமா என்று பார்க்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். தீபாவளிக்கு முதல் நாள் அப்பாவுக்குப் படைக்க வேண்டும், துக்கம் கழிந்து வருகிற முதல் தீபாவளி, எந்தக் குறையும் வைக்கக் கூடாது என்றாய். நியாயம்தான். செத்துப்போனவர்களுக்குப் பிடித்ததை இலையில் வைத்துக் கும்பிடுவது நம் வழக்கம். எதிர்வீட்டில் படத்துக்கு முன்னால் பீர் போத்தலைத் திறந்து வைத்து, சிகரெட்டையும் பற்றவைத்து வைப்பார்கள். அது அவர்கள் பாடு, நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் நீ நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னாயே, "நல்லி எலும்பு சூப்பு கண்டிப்பா வெக்கணும்மா, பெரிய சட்டியா போடுங்க, அப்பாவுக்கு அதுதானே உசிரு" என்று, அப்போது என் உடம்பெல்லாம் கூசியது. உசிராம். எந்த உசிர் எங்கே போனது என்று தெரிந்துதான் சொன்னாயா? நான் எழுந்து அடுப்படிக்குப் போனதைப் பார்த்து, அம்மா அப்பாவை நினைத்து அழப்போகிறாள் என்று நீ நினைத்திருப்பாய். நான் அழவில்லை. கழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு, வாந்தி வராமல் நின்றுகொண்டிருந்தேன்.

உனக்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். நீ பிறந்தது சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். இப்போது உன் வயசுக்காரர்கள், தோட்டத்துச் சாப்பாடு எவ்வளவு சத்தானது, அந்தக் காலத்து ஆட்கள் எவ்வளவு திடம் என்றெல்லாம் கதைவிடுகிறீர்கள். எனக்கு எரிச்சலாக வரும். அங்கே என்ன தின்றோம் என்று எனக்குத் தெரியும். கருக்கலில் எழுந்து, டின் பால் ஊற்றிய சீனித் தண்ணீரை டீ என்று குடித்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போவோம். மத்தியானம் கருவாடும் சோறும். ஆட்டுக்கறி என்பது சாமி கும்பிடுகிற அன்று மட்டும்தான் கண்ணில் படும், அதுவும் ஆண்களுக்குப் போட்டுவிட்டு மிச்சம் இருந்தால். நான் அத்தனை பிள்ளைகளைப் பெற்றதும் அந்தச் சாப்பாட்டில்தான். என் எலும்பில் என்ன மிஞ்சியிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. எழுபதுகளில் தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டபோது நாம் ஈப்போவுக்கு வந்தோம். உன் அப்பாவுக்கு மரக்கடையில் லாரி ஓட்டுகிற வேலை கிடைத்தது. அன்று பிடித்தது அவருக்கு அந்த ஆட்டுக்கறிப் பைத்தியம். சின்ன வயதில் கண்ணால் பார்த்து ஏங்கியதையெல்லாம் ஒவ்வொரு ஞாயிறும் தின்று தீர்க்கிற ஆவேசம். அதை நான் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டேனே தவிர, அவர் தட்டைப் பார்க்க எனக்குப் பிடித்ததே இல்லை. நல்லி எலும்பை எடுத்துத் தட்டில் டொக்கு டொக்கென்று தட்டி, வாயில் வைத்து உறிஞ்சுவார். அந்தச் சத்தம் வாசல் வரை கேட்கும். உதட்டிலும் மீசையிலும் கொழுப்பு பளபளக்கும். நீ பக்கத்தில் உட்கார்ந்து அதே மாதிரி தட்டுவாய். "புலிக்குப் பொறந்தவன்" என்று உன் அத்தை உன் தலையைத் தடவிக்கொடுப்பார். எனக்கு அங்கே புலி தெரியவில்லை.

அவருக்கு முதலில் நெஞ்சு வலி வந்தது லாரியில் தார்ப்பாய் இழுத்துக் கட்டும்போது. காற்று பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டார். இரண்டாம் முறை வந்தபோது முதலாளியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் கொழுப்பு அதிகம், இருதயத்துக்குப் போகிற குழாய் அடைத்துக்கொண்டு வருகிறது, ஆட்டுக்கறி, தேங்காய்ப்பால், நெய் எல்லாவற்றையும் நிறுத்து, சிகரெட்டை இன்றைக்கே விடு என்று சொல்லி, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கு எங்கலா கொழுப்பு? அந்த டாக்டருக்குத்தான் கொழுப்பு." நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். ஆனாலும் நான் விடவில்லை. கறி வாங்குவதை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மீனும் கீரையும் வைத்தேன். அவர் தட்டைத் தள்ளினார், முகத்தைத் தூக்கினார், ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தார். இருக்கட்டும் என்று விட்டேன். மெல்ல வழிக்கு வந்துகொண்டிருந்தார். நெஞ்சு வலியும் குறைந்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் நான் குளியலறையில் வழுக்கி விழுந்தேன்.

பெரிய விழுகை ஒன்றும் இல்லை. கையை ஊன்றினேன், மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஒரு சின்னப் பிள்ளை விழுந்திருந்தால் எழுந்து ஓடியிருக்கும். மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். அந்த வெள்ளைக் கட்டோடு நான் வீட்டுக்குள் நுழைந்ததும், அதுவரை கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் எட்டிப்பார்த்த சொந்தமெல்லாம் வரிசை கட்டி வந்தது. ஆரஞ்சுப் பழம், மால்ட் டின், முட்டை. உன் பெரிய அத்தை ஒரு மூடி போட்ட சட்டியோடு வந்தார். அவர் எனக்கு மூத்தவர் என்பதால் மரியாதையாகவே எழுதுகிறேன். "எலும்பு ஒடஞ்சவளுக்கு எலும்புதான் மருந்து. ரெண்டே மாசத்துல கை இரும்பாயிரும், பாரு. இந்தா புள்ள, மூக்கப் புடிச்சிக்கிட்டுக் குடி" என்றார். மூடியைத் திறந்தால் மேலே விரல் கனத்துக்கு மஞ்சள் கொழுப்பு மிதக்கிறது. ஆறினால் அது வெள்ளையாக உறைந்து, கரண்டியைக் குத்தி வைத்தால் நிற்கும். அன்று தொடங்கியது. ஒரு நாள் அத்தை வீட்டிலிருந்து, ஒரு நாள் உன் சித்தப்பா வீட்டிலிருந்து. சனிக்கிழமை சனிக்கிழமை நீ மார்க்கெட்டில் விடியற்காலையிலேயே போய் நின்று, நல்லியாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கி வந்தாய். அம்மா மீது எவ்வளவு பாசம் இந்தப் பையனுக்கு என்று ஊரெல்லாம் பேச்சு. நான் இரண்டு வாய் குடித்துவிட்டு, முடியவில்லை என்று கிண்ணத்தைத் தள்ளி வைப்பேன். சிறிது நேரம் கழித்து வந்து பார்த்தால் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருக்கும். உன் அப்பா எனக்காகக் கிண்ணம் கழுவுகிறார் என்று நினைத்தேன். இத்தனை வருடத்தில் ஒரு தம்ளரைக்கூடக் கழுவாத மனுஷர், கை உடைந்ததும் எவ்வளவு மாறிவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

கட்டுப் பிரிக்கிற சமயத்தில் முதுகும் வலிக்கிறது என்றேன். முதுகைப் படம் எடுத்தார்கள். டாக்டர் ஒரு சின்ன வயசுச் சீனப் பெண். மலாயில்தான் பேசினார், நமக்கு ஓரளவு புரியும், புரியாததைப் பக்கத்தில் நின்ற தமிழ் நர்ஸ் மிஸி சொன்னார், சொல்லும்போதே இரண்டு வார்த்தை தன் சொந்தத் திட்டும் சேர்த்துக்கொண்டார். "மக்சிக், இங்க பாருங்க" என்று, வயசான பெண்களை மலாயில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டு, டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். என் முதுகெலும்பு புகை படிந்த மாதிரி மங்கலாக இருந்தது. எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டும், சுண்ணாம்புச் சத்து இறங்கிப்போனதால் இப்படித் தெரிகிறது என்றார். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாகக் கரையும், அதனால்தான் லேசாக விழுந்ததற்கே உடைந்திருக்கிறது என்றார். அது எனக்கு அவ்வளவு அதிர்ச்சியாக இல்லை. பிறகு அந்த எலும்புக்கு முன்னால் ஒரு கோட்டைக் காட்டினார். எலும்பு மங்கிக் கிடக்கிறது, அந்தக் கோடு பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது. "அது என்னா மிஸி, அதுவும் எலும்பா?" என்று கேட்டேன். "அது எலும்பு இல்லக்கா, ரத்தக்குழாய். நெஞ்சிலேர்ந்து கீழ இறங்குற பெரிய குழாய். ரத்தத்துல இருக்கிற கொழுப்பு அதோட சுவத்துல போயி ஒட்டும், ஒட்டின எடத்துல சுண்ணாம்பு ஏறும். எலும்புல இருக்க வேண்டியது எலும்புல இல்ல, இருக்கக் கூடாத எடத்துல போயி ஒக்காந்திருக்கு. எலும்பு இப்படிப் போனவங்க பல பேருக்கு இதுவும் இருக்காம். ஏன் அப்படின்னு கேக்காதீங்க, அது அவுங்களுக்கே சரியாத் தெரியாதாம்" என்றார் மிஸி.

நான் சூப்பைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. மிஸி அவர் சொன்னதை மொழிபெயர்க்கவே இல்லை, நேராக என் மேல் பாய்ந்தார். "எலும்பைக் கொதிக்க வெச்சா சுண்ணாம்பு எறங்கிருமாக்கா? அது பாட்டுக்கு எலும்புலதான் இருக்கும். எறங்குறது பூராவும் கொழுப்பு. ஒங்க கைக்கு ஒண்ணும் வரல, ஒங்க குழாய்க்குத்தான் தீனி." நெத்திலியை முள்ளோடு சாப்பிடுங்கள், கீரை, தவ்ஃபூ என்கிற சோயாக் கட்டி, ஆடை எடுத்த பால், காலை வெயிலில் நடங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பஸ்ஸில் வரும்போது ஒன்று யோசித்தேன். என் கைக்கு மாவுக்கட்டு இருந்தது, அதனால் ஊரே கைக்குச் சோறு ஊட்டியது. உன் அப்பாவின் நெஞ்சுக்கு யாரும் கட்டுப் போடவில்லை, அதனால் அது ஒருவர் கண்ணுக்கும் தெரியவில்லை. இதை அவரிடம் நல்லபடியாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அன்று பஸ் சீக்கிரம் கிடைத்துவிட்டது, அதனால் நான் வருகிற நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டேன்.

அடுப்படியில் அந்தச் சத்தம் கேட்டது. டொக்கு டொக்கு. பிறகு உறிஞ்சுகிற சத்தம். உன் அப்பா சட்டை இல்லாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார், எதிரே உன் பெரிய அத்தை அகப்பையால் ஊற்றிக்கொண்டே, "அவ எங்க குடிக்கிறா, அவ பேரச் சொல்லி நீயாச்சும் குடிடா தம்பி, வேலை செய்யிற ஒடம்பு" என்கிறார். தாடையில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு உன் அப்பா நிமிர்ந்தார். என்னைப் பார்த்ததும் எலும்பைக் கிண்ணத்துக்குள் ஒளிக்கப் பார்த்தார். அந்த வயதில், அவ்வளவு பெரிய உடம்போடு, ஒரு எலும்பை ஒளிக்கப் பார்த்தார். எனக்கு முதலில் கோபம்கூட வரவில்லை, அசிங்கமாக இருந்தது. இத்தனை நாளும் இந்த வீட்டுக்கு வந்த சட்டியெல்லாம் எனக்கு வரவில்லை. என் உடைந்த கையைக் காட்டி, டாக்டர் அவருக்கு வேண்டாம் என்று சொன்னதையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். "சும்மா ஒரு வாய்தான்லா, உப்பு பாத்தேன்" என்றார். "யாரு கிட்ட சொல்றீங்க?" என்று கேட்டேன். அத்தை குறுக்கே வந்தார். "ஏன் புள்ள கத்துற? ஆம்பள ஒரு கிண்ணம் சூப்பு குடிச்சா குடியா முழுகிரும்?" சட்டியைத் தூக்கிப் போய்ச் சாக்கடையில் கொட்டினேன். ஒரு கையால்தான் தூக்கினேன். அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். இவளைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று உன் அத்தை நாலு வீட்டில் சொன்னது என் காதுக்கு வந்தது.

அதற்குப் பிறகு என் வீட்டு அடுப்பில் அது ஏறவில்லை. ஆனால் அத்தை வீட்டு அடுப்பு எரிந்துகொண்டுதானே இருந்தது. அவர் வேலை முடிந்து அங்கே போய்க் குடித்துவிட்டு வருவார், வாயைக் கழுவிவிட்டு வருவார், எனக்கு மூக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டு வருவார். அருகில் படுக்க எனக்குச் சகிக்கவில்லை. மாத்திரை டப்பா அப்படியே இருந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம், வெயில் கொளுத்துகிற நேரம், அத்தை வீட்டுக்குப் போனவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. காரில் என் மடியில்தான் தலை இருந்தது. மகனே, இதை நான் உனக்குச் சொன்னதில்லை: கடைசியில் அவர் வாயிலிருந்து வந்த மூச்சில் அந்த வாடைதான் இருந்தது. நான் அவரோடு எத்தனையோ வருடம் வாழ்ந்தேன், அவரை நேசித்தேன், இன்றைக்கும் அவர் சட்டையைத் தொட்டால் அழுகை வருகிறது. ஆனால் அவரை நினைக்கும்போதெல்லாம் முதலில் அந்த வாடைதான் வருகிறது. என் புருஷனை நினைத்து நிம்மதியாக அழக்கூட முடியாதபடி செய்துவிட்டார்கள். இதை யார் எனக்குத் திருப்பித் தருவது?

இதெல்லாம் உனக்குத் தெரியாது, நீ என் கைக்காகத்தான் மார்க்கெட்டில் நின்றாய் என்று இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன். போன ஞாயிறு நீயே சிரித்துக்கொண்டே சொன்னாய்: "நானும் அப்பாவும் பங்கு போட்டுக்குவோம்மா, ஒங்களுக்குத் தெரியாது. அத்த வீட்டுல வெச்சி ஆளுக்கு ரெண்டு கிண்ணம்." என் முகத்தைப் பார்த்தும் நீ நிறுத்தவில்லை. பேச்சோடு பேச்சாக, நீ வேலை செய்கிற தொழிற்சாலையில் எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள், உனக்கும் கொழுப்பு அதிகம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றாய். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாய். "அப்பா ரத்தம்தானேம்மா, அப்படித்தான் இருக்கும்." ஏதோ அவர் உனக்கு நிலம் எழுதி வைத்துவிட்டுப் போன மாதிரி பெருமை. உனக்கு இன்னும் முப்பத்தைந்து ஆகவில்லை. நீ போன பிறகு வெகு நேரம் உட்கார்ந்து யோசித்தேன், பிறகுதான் எனக்கு முழுசாக விளங்கியது. படைத்த சோற்றை யார் தின்பது? செத்தவரா தின்கிறார்? சூடம் காட்டி முடித்ததும் இலையை எடுத்து வீட்டில் இருக்கிறவர்கள்தானே தின்கிறோம். என் எலும்பின் பேரைச் சொல்லி அவர் குடித்தார். இப்போது அவர் பேரைச் சொல்லி நீ குடிக்கப் பார்க்கிறாய். பெரிய சட்டியாக வேறு போட வேண்டுமாம்.

அதனால் ஊரறியச் சொல்கிறேன். தீபாவளிக்கு முதல் நாள் என் வீட்டில் படையல் உண்டு. சோறு, முருங்கைக்கீரை, முள்ளோடு வறுத்த நெத்திலி, பருப்பு, ஒரு தம்ளர் தண்ணீர். இதில் எதுவும் உன் அப்பாவுக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். கீரையைக் கண்டாலே, "நான் என்னா ஆடா?" என்று கேட்பார். பரவாயில்லை, உயிரோடு இருந்தபோது கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தவர்தானே, இப்போதும் கோபித்துக்கொள்ளட்டும். உன் பெரிய அத்தை வரலாம், உட்காரலாம், அழலாம். சட்டியோடு வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புவேன். நீ அந்த ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக்கொண்டு, படையலுக்கு முன்னால் டாக்டரைப் போய்ப் பார்க்க வேண்டும். மாத்திரை கொடுத்தால் முழுங்க வேண்டும், டப்பாவை அலமாரியில் வைத்து அழகு பார்க்கக் கூடாது. சிகரெட்டை என் வீட்டு வாசலுக்கு அந்தப் பக்கமே போட்டுவிட்டு வா. டாக்டரைப் பார்க்காமல் வந்தால் நீயும் அந்த இலைக்கு முன்னால் உட்கார வேண்டாம். எனக்கும் உள்ளே அந்த வெள்ளைக் கோடு ஓடிக்கொண்டிருக்கிறது, எலும்பும் கரைந்துகொண்டிருக்கிறது. நான் தினம் காலையில் திடலைச் சுற்றி நடக்கிறேன், பார்க்கிறவர்கள் கிழவிக்கு என்ன கேடு என்கிறார்கள். நடப்பது சாகப் பயந்து அல்ல. இன்னொரு முறை காரில் ஒரு தலையை மடியில் வைத்துக்கொண்டு போக என்னால் முடியாது. அது என் பிள்ளையின் தலையாக இருந்தால் நான் அந்தக் காரை விட்டு இறங்கவே மாட்டேன்.

நீ அன்று பேசிக்கொண்டிருந்தபோது உன் மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நீ போகக் கிளம்பியபோது என் காதில், "அப்பாயி, எங்கப்பாவுக்கு என்னா புடிக்கும்னு எனக்குத் தெரியும், சொல்லட்டா?" என்றாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். அவளுக்கு ஏழு வயது. உனக்குப் பிடித்ததையெல்லாம் அவள் ஒன்றுவிடாமல் தெரிந்துவைத்திருக்கிறாள். அதை ஒரு இலையில் வைத்து, உன் படத்துக்கு முன்னால் அவள் கும்பிடுகிற நாள் ஒன்று எப்படியும் வரும். அவளுக்குத் தலை நரைத்த பிறகு வரட்டும்.

உன் அம்மா